பந்தயத் தானுந்துகளின் பின் தொங்கல் கைகள்

பின் தொங்கல் கை என்பது ஒரு தானுந்தின் பின்சக்கரத் தாங்கியை அதன் உடற்சட்டகத்துடன் இணைக்கும் உறுப்பு ஆகும். பட்டறைகளில் இது சஸ்பென்சன் ஆர்ம் என்றே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு இடம் கொடுத்து, பிற திசைகளில் அது விலகாமல் பிடித்து வைப்பதே இதன் பணியாகும். பந்தயத் தானுந்துகளில் இக்கைகள் பொதுவாக எஃகு, அலுமினியக் கலப்புலோகம், கரிமநார்க் கூட்டுப்பொருள் ஆகியவற்றுள் ஒன்றால் செய்யப்படுகின்றன. விலை, பழுதுபார்க்கும் வசதி ஆகிய காரணங்களால் இந்தியாவில் கட்டப்படும் பந்தய வண்டிகளிலும் மாணவர் வண்டிகளிலும் தேர்வு பெரும்பாலும் எஃகு, அலுமினியம் ஆகிய இரண்டுக்கும் இடையிலேயே அமைகிறது.

அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தி குறைந்தது. இதனால் அலுமினியக் கை எப்போதும் மேலானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் விறைப்பு, உலோகக் களைப்பு, பற்றவைப்பு, முறியும் விதம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை கையின் வடிவத்தையும் செய்முறையையும் பொறுத்து மாறுகிறது.

அமைப்பும் பணியும்

தனியிருக்கைப் பந்தயத் தானுந்துகளில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கவட்டைக் கைகள் தாங்குகின்றன. ஒவ்வொரு கவட்டைக் கைக்கும் இரண்டு கால்கள் உண்டு. இவற்றுடன் சக்கரத்தின் திசையை நிலைநிறுத்தும் டோ இணைப்புத் தண்டு ஒன்றும் இருக்கும். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஐந்து, இரு பக்கங்களுக்கும் சேர்த்துப் பத்து மெல்லிய தண்டுகள் அமைகின்றன. தண்டுகளின் முனைகளில் கோளத் தாங்கிகள் பொருத்தப்படுவதால் அவை பெரும்பாலும் இழுவிசையையும் அமுக்கு விசையையும் மட்டுமே ஏற்கின்றன. சுருள்வில்லையோ தள்ளுதண்டையோ கையின் நடுவில் பொருத்தினால் மட்டுமே அக்கை வளைவு விசைக்கும் உட்படுகிறது.

சில வகைத் தானுந்துகளில் கவட்டைக் கைகளுக்குப் பதிலாக, முன்னிருந்து பின்னோக்கி நீளும் இழுகை பயன்படுகிறது. இது ஒரே உறுப்பாக நின்று முழு வளைவு விசையையும் முறுக்கு விசையையும் தாங்க வேண்டும். முன்சக்கர இயக்கம் கொண்ட பல சிறிய இந்தியத் தானுந்துகளின் பின்புறத்தில் இருப்பது முறுக்கு உத்தர அச்சாகும். அவற்றில் தனிக்கை இல்லாமையால் இத்தேர்வு எழுவதில்லை.

பின்சக்கர இயக்கம் கொண்ட பந்தய வண்டியின் பின்கைகள் மூன்று வகை விசைகளை ஏற்கின்றன. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசையும், தடுக்கும்போது நிறுத்து விசையும், முடுக்கும்போது உந்துவிசையும் அவற்றின் மீது செயல்படுகின்றன. முடுக்கத்தின்போது எடை பின்னோக்கிப் பெயர்வதால் பின்கைகளின் சுமை மேலும் கூடுகிறது. பின்சக்கரத்தின் திசை சிறிதளவு மாறினாலும் வண்டியின் பின்பகுதி வெளிநோக்கிச் சறுக்கக்கூடும். ஆதலால் பின்கைகளுக்கு வலிமையைப் போலவே விறைப்பும் இன்றியமையாதது.

தமிழ்நாட்டில் பந்தயத் தானுந்துகள்

தமிழ்நாட்டில் தானுந்துப் பந்தயம் நெடிய வரலாறு உடையது. 1953 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் பழைய வானூர்தி ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பின்னர் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இச்சங்கம் நிரந்தரப் பந்தயத் தடம் ஒன்றை அமைத்தது. 1990 ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள இத்தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர் ஆகும்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 தானுந்தின் பொறியைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் தனியிருக்கை வண்டியை உருவாக்கினார். எளிதில் கிடைக்கும் பொறியையும் எஃகுக் குழாய்ச் சட்டகத்தையும் பயன்படுத்தியமையால் இவ்வண்டி பல இளம் ஓட்டுநர்களுக்கு எட்டும் விலையில் அமைந்தது. 2005 ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இவ்வகை வண்டிகளை ஓட்டித் தொடங்கியவரே. கரிவரதன் 1995 இல் வானூர்தி விபத்தில் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

எல்லோரும் ஒரே வகை வண்டியை ஓட்டும் பந்தயப் பிரிவுகளில் கைகளை மாற்றி அமைக்க விதிகள் இடம் தருவதில்லை. அங்கே தேர்வு வண்டியை வடிவமைப்பவருடையது. மாறாக, மாணவர்கள் தாமே வண்டியை வடிவமைத்துக் கட்டும் போட்டிகளில் இத்தேர்வை ஒவ்வோர் அணியும் செய்தாக வேண்டும். 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியே இவற்றின் முன்னோடி. இந்தியாவில் 2011 இல் சூப்ரா எஸ்ஏஇ இந்தியா தொடங்கியது. ஃபார்முலா பாரத் போட்டி கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெற்று வந்துள்ளது. இப்போட்டிகளில் வேகத்துக்கு மட்டுமன்றி வடிவமைப்புக்கும் செலவுக்கும் தனி மதிப்பெண்கள் உண்டு. எந்த உலோகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று மாணவர்கள் நடுவர்களிடம் கணக்குடன் விளக்க வேண்டும்.

உலோகங்களின் பண்புகள்

பின்கைகளுக்குப் பயன்படும் முதன்மையான உலோகங்கள் நான்கு. மென்னெஃகு மலிவானது, எங்கும் கிடைப்பது. குரோமோலி எனப்படும் 4130 எஃகு, குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்தது. வானூர்திச் சட்டகங்களுக்காகப் புகழ் பெற்றது. 6061-டி6 என்பது மக்னீசியமும் சிலிக்கானும் கலந்து வெப்பப் பதப்படுத்திய அலுமினியக் கலப்புலோகம். 7075-டி6 என்பது துத்தநாகம் மிகுந்த, வலிமை கூடிய அலுமினியக் கலப்புலோகம். கீழ்வரும் அட்டவணையில் இவற்றின் வழக்கமான பண்புகள் தரப்பட்டுள்ளன.

| பண்பு | மென்னெஃகு | 4130 எஃகு | 6061-டி6 | 7075-டி6 |
|---|---|---|---|---|
| அடர்த்தி (கிலோகிராம்/கன மீட்டர்) | 7850 | 7850 | 2700 | 2810 |
| யங் குணகம் (கிகாபாஸ்கல்) | 205 | 205 | 69 | 72 |
| இளகு வலிமை (மெகாபாஸ்கல்) | 250 | 435 | 276 | 503 |
| இழுவலிமை (மெகாபாஸ்கல்) | 410 | 670 | 310 | 572 |
| உருக்கிப் பற்றவைத்தல் | எளிது | கவனத்துடன் இயலும் | இயலும், வலிமை குறையும் | ஏற்றதன்று |

இளகு வலிமை என்பது உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவாகும். 4130 எஃகின் மதிப்புகள் இயல்பாக்கிய நிலைக்கு உரியவை. கடினப்படுத்திப் பதமாக்கினால் அதன் வலிமை மேலும் உயரும்; ஆனால் பற்றவைத்த பிறகு முழு உறுப்பையும் மீண்டும் பதப்படுத்த வேண்டியிருக்கும்.

வலிமையும் விறைப்பும்

வலிமையும் விறைப்பும் ஒன்றல்ல. எவ்வளவு விசையில் முறியும் அல்லது நிரந்தரமாக வளையும் என்பது வலிமை. ஒரு குறிப்பிட்ட விசைக்கு எவ்வளவு நீளும் அல்லது வளையும் என்பது விறைப்பு. வெப்பப் பதப்படுத்தலாலும் கலப்பாலும் வலிமையைப் பல மடங்கு உயர்த்தலாம். விறைப்பைத் தீர்மானிக்கும் யங் குணகமோ அவற்றால் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே மென்னெஃகுக் குழாயை அதே அளவுள்ள குரோமோலிக் குழாயாக மாற்றினால் வலிமை கூடும்; விறைப்பு கூடாது.

எஃகின் யங் குணகம் அலுமினியத்தினதைப் போல் மூன்று மடங்கு. அதன் அடர்த்தியும் ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே குணகத்தை அடர்த்தியால் வகுத்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பு, அதாவது சுமார் 26 கிடைக்கிறது. இதன் பொருள், நேராக இழுக்கப்படும் ஒரு தண்டில் ஒரே எடைக்கு இரு உலோகங்களும் ஒரே விறைப்பையே தருகின்றன என்பதாகும். இங்கே அலுமினியத்துக்குத் தனி மேன்மை எதுவும் இல்லை.

வளைவு விசையில் நிலைமை மாறுகிறது. அகலம் மாறாத ஒரு தகட்டின் வளைவு விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அடர்த்தி குறைந்த உலோகத்தை ஒரே எடையில் தடிப்பாகச் செய்ய இயலும். கணக்கிட்டால், ஒரே வளைவு விறைப்புடைய தகட்டை அலுமினியத்தில் செய்யும்போது எடை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஆகவே இழுகை போன்று வளையும் உறுப்புகளுக்கு அலுமினியம் உண்மையாகவே எடையை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதற்குத் தடித்த உறுப்பை வைக்க இடம் வேண்டும். பின்புறத்தில் இயக்கத் தண்டு, நிறுத்துத் தட்டு, சக்கர வளையம் ஆகியவற்றுக்கு இடையே அவ்விடம் எப்போதும் கிடைப்பதில்லை.

எடுத்துக்காட்டுக் கணக்கீடு

மாணவர் வண்டி ஒன்றின் பின் கவட்டைக் கையின் ஒரு காலை எடுத்துக்கொள்வோம். நீளம் 350 மில்லிமீட்டர். எஃகுக் குழாய் 20 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.2 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் உடையது. அலுமினியக் குழாய் அதே வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் உடையது.

| அளவு | 4130 எஃகு | 6061-டி6 |
|---|---|---|
| குறுக்குவெட்டுப் பரப்பு (சதுர மில்லிமீட்டர்) | 70.9 | 160.2 |
| எடை (கிராம்) | 195 | 151 |
| நேர்விறைப்பு (கிலோநியூட்டன்/மில்லிமீட்டர்) | 41.5 | 31.6 |
| ஆய்லர் நெளிவுச் சுமை (கிலோநியூட்டன்) | 52 | 33 |
| இளகும் சுமை, பற்றவைக்காதது (கிலோநியூட்டன்) | 30.8 | 44.2 |
| இளகும் சுமை, பற்றவைத்தது (கிலோநியூட்டன்) | ஏறத்தாழ 30 | ஏறத்தாழ 22 |

இக்கணக்கிலிருந்து மூன்று செய்திகள் புலப்படுகின்றன.

முதலாவது, ஒரு தண்டுக்கு மிச்சமாகும் எடை ஏறத்தாழ 43 கிராம் மட்டுமே. பத்துத் தண்டுகளுக்கும் சேர்த்து அது சுமார் 0.43 கிலோகிராம். இதில் ஏறத்தாழ பாதியே சக்கரத்துடன் சேர்ந்து அசையும் எடை, அதாவது வில் தாங்காத எடை. சக்கரம், நிறுத்துத் தட்டு, சக்கரத் தாங்கி ஆகியவற்றில் இதைவிட அதிக எடையைக் குறைக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது, அலுமினியத் தண்டின் விறைப்புக் குறைவு நடைமுறையில் மிகச் சிறியது. டோ இணைப்புத் தண்டின் மீது 3 கிலோநியூட்டன் விசை செயல்பட்டால் எஃகுத் தண்டு 0.07 மில்லிமீட்டரும், அலுமினியத் தண்டு 0.09 மில்லிமீட்டரும் சுருங்கும். சக்கர மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தொலைவில் தண்டு இணைந்திருந்தால் இவ்வேறுபாடு பாகையில் நூறில் ஒரு பங்களவே சக்கரத்தைத் திருப்பும். தேய்ந்த கோளத் தாங்கியின் தளர்வும், சட்டகத்தில் மெல்லிய தகட்டால் செய்த பிடிகளின் வளைவும் இதைவிடப் பல மடங்கு பெரியவை. சறுக்கும் பின்பகுதிக்குக் காரணம் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியவை இவையே.

மூன்றாவது, பற்றவைக்காத நிலையில் அலுமினியம் எஃகைவிட அதிகச் சுமை தாங்குகிறது. பற்றவைத்த நிலையில் அது குறைவாகத் தாங்குகிறது. ஒரே உலோகம், ஒரே அளவு. செய்முறை மட்டுமே முடிவைத் தலைகீழாக்குகிறது.

வெளிவிட்டத்தை 25 மில்லிமீட்டராகவும் சுவரை 2.5 மில்லிமீட்டராகவும் மாற்றினால் அலுமினியக் குழாயின் வளைவு விறைப்பு எஃகுக் குழாயைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடும். எடை 167 கிராமாக, அதாவது எஃகைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே எஃகுக் கையின் அளவுகளை அப்படியே அலுமினியத்தில் நகலெடுக்காமல், உலோகத்துக்கு ஏற்றவாறு புதிதாக வடிவமைத்தல் வேண்டும்.

உலோகக் களைப்பு

ஒரே முறை செயல்படும்போது தீங்கு செய்யாத தகைவும், பல்லாயிரம் முறை மாறி மாறிச் செயல்படும்போது உலோகத்தில் விரிசலை உண்டாக்கும். இதுவே உலோகக் களைப்பு எனப்படுகிறது. செருமானியப் பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடர்வண்டி அச்சுகள் முறிவதை ஆராய்ந்து இதனை முறைப்படி விளக்கினார். தகைவையும், முறியும் வரை தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கையையும் காட்டும் வரைபடம் அவர் பெயரால் வோலர் வளைவு எனப்படுகிறது.

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியின் கைத்தறிகளில் இதற்கு ஒப்பான ஒரு நிலையைக் காணலாம். நெசவாளர் மிதிபலகையை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பாவு நூல்களில் ஒரு பகுதி மேலெழுந்து, சிறிது இழுபட்டு, மீண்டும் தளர்கிறது. முதல் இழுப்பில் அறாத நூல் பல ஆயிரம் இழுப்புகளுக்குப் பின் அறுவதுண்டு. நூலில் நிகழ்வது பெரும்பாலும் தேய்மானம், உலோகத்தில் நிகழ்வது விரிசலின் வளர்ச்சி என்ற வேறுபாடு உண்டு. எனினும் ஒரு முறை தாங்கியது பல முறையும் தாங்கும் என்று கொள்ளலாகாது என்பது இரண்டுக்கும் பொதுவானது. அறுந்த பாவை முடிந்து நெசவைத் தொடரலாம். ஓடும் வண்டியின் கை முறிந்தால் அவ்வாய்ப்பு இல்லை.

எஃகுக்கு ஒரு களைப்பு எல்லை உண்டு. நன்கு மெருகிட்ட மாதிரிகளில் இது இழுவலிமையில் ஏறத்தாழ பாதி. தகைவு இவ்வெல்லைக்குக் கீழிருந்தால், துருவும் கீறலும் இல்லாத நிலையில், எஃகு நடைமுறையில் முடிவற்ற சுழற்சிகளைத் தாங்கும். அலுமினியக் கலப்புலோகங்களுக்கு இத்தகைய தெளிவான எல்லை கிடையாது. தகைவு குறைவாயினும் சுழற்சிகள் கூடக் கூட வலிமை மெல்ல இறங்கிக்கொண்டே செல்லும். ஆகவே அவற்றின் களைப்பு வலிமை ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கே கூறப்படுகிறது. 50 கோடிச் சுழற்சிகளுக்கு 6061-டி6 இன் களைப்பு வலிமை 97 மெகாபாஸ்கல். 7075-டி6 இன் மதிப்பு 159 மெகாபாஸ்கல்.

பந்தய வண்டியின் ஆயுளை இதனுடன் ஒப்பிடலாம். மாணவர் போட்டிகளின் தாங்குதிறன் ஓட்டம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அதற்கு அரைமணி நேரம் ஆகும். சக்கரம் நொடிக்கு 15 முறை அதிர்வதாகக் கொண்டால் ஓர் ஓட்டத்தில் 27,000 சுழற்சிகள் நிகழும். இது 50 கோடியில் மிகச் சிறு பங்கே. ஆதலால் ஒரே போட்டிக்கு ஓடும் வண்டியில், கடைந்தெடுத்த அலுமினியக் கையின் களைப்பு ஒரு தடையாகாது. ஆனால் அதே கைகளைக் கழற்றி அடுத்த ஆண்டின் வண்டிக்கும், பயிற்சி ஓட்டங்களுக்கும் பயன்படுத்தும்போது கணக்கு மாறுகிறது. அவை எவ்வளவு ஓடின என்பது எழுதி வைக்கப்படாவிட்டால் எஞ்சிய ஆயுளை எவராலும் கூற இயலாது.

பற்றவைப்பும் செய்முறையும்

6061-டி6 தன் வலிமையை வெப்பப் பதப்படுத்தலால் பெறுகிறது. பற்றவைப்பின் வெப்பம் அப்பதத்தைக் கெடுக்கிறது. இணைப்பை ஒட்டிய சில சென்டிமீட்டர் பகுதியில் இளகு வலிமை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. முழு உறுப்பையும் உலையில் இட்டு மீண்டும் பதப்படுத்தினால் வலிமை பெரும்பாலும் திரும்பும்; ஆனால் நீண்ட மெல்லிய கைகள் அதில் கோணிப் போவதுண்டு. 7075 கலப்புலோகம் உருக்கிப் பற்றவைக்கும்போது சூட்டு விரிசல் கொள்வதால் அதனைப் பற்றவைத்தல் கூடாது.

களைப்பைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் கூடுகிறது. ஒரே வகையான பற்றவைப்பு இணைப்பில் அலுமினியத்தின் களைப்பு வலிமை எஃகினதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரையே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 6 கிலோநியூட்டன் விசைக்கு எஃகில் 85 மெகாபாஸ்கலும் அலுமினியத்தில் 37 மெகாபாஸ்கலும் தகைவு உண்டாகும். அலுமினியத்தின் தகைவு எஃகினதில் 0.44 பங்கு, அதன் வலிமையோ அதனினும் சிறிது குறைவான பங்கு. எனவே 43 கிராம் எடைக் குறைவுக்கு ஈடாகப் பாதுகாப்பு வரம்பு சற்றுக் குறைகிறது.

இக்காரணங்களால் அலுமினியக் கைகளைப் பற்றவைக்காமல் செய்வதே நல்லது. அதற்கு நான்கு வழிகள் வழக்கில் உள்ளன.

- முழுக் கட்டியிலிருந்து கணினிக் கட்டுப்பாட்டு எந்திரத்தில் கடைந்தெடுத்தல்.
- அடித்து உருவாக்குதல். 1990களின் நடுப்பகுதியில் வெளிவந்த ஆடி ஏ4, பிஎம்டபிள்யூ 5 வரிசை போன்ற சாலைத் தானுந்துகள் அலுமினியத் தொங்கல் உறுப்புகளைப் பரவலாக்கின. பெரும் எண்ணிக்கையில் செய்யும்போதே இவ்வழி கட்டுபடியாகும்.
- குழாயின் இரு முனைகளிலும் மரையிட்டுக் கோளத் தாங்கிகளை நேரடியாகத் திருகுதல். டோ இணைப்புத் தண்டுக்கு இது எளிய வழி.
- முனைத் துண்டுகளைக் குழாயினுள் பசையிட்டு ஒட்டுதல். மேற்பரப்பைத் தூய்மை செய்வதில் மிகுந்த கவனம் வேண்டும்.

எஃகுக் குழாய்க் கைகளை டிக் பற்றவைப்பு முறையில் ஒரு சிறு பட்டறையிலேயே செய்யலாம். மெல்லிய சுவருடைய குரோமோலிக் குழாய்களைத் தகுந்த நிரப்புக் கம்பியுடன் பற்றவைத்து, காற்றடிக்காத இடத்தில் மெல்ல ஆறவிட்டால் பெரும்பாலும் தனிப் பதப்படுத்தல் தேவைப்படுவதில்லை. தமிழ்நாட்டில் துல்லிய எஃகுக் குழாய்களின் உற்பத்தி ஆவடியில் 1950களிலேயே தொடங்கிவிட்டது. கோயம்புத்தூர், சென்னைப் பட்டறைகளில் எஃகைப் பற்றவைக்கத் தெரிந்தோர் மிகுதி. அலுமினியத்தைப் பற்றவைப்போர் குறைவு.

முறியும் விதமும் பாதுகாப்பும்

பந்தயத்தில் சக்கரங்கள் மோதிக்கொள்வதும், வண்டி தடத்தின் விளிம்புக் கல்லின் மீது ஏறுவதும் இயல்பு. அப்போது கை என்ன செய்கிறது என்பது ஓட்டுநரின் பாதுகாப்புடன் நேரடித் தொடர்புடையது. இயல்பாக்கிய எஃகுக் குழாய் முறியும் முன் வெகுவாக வளைகிறது. வளைந்த கை சக்கரத்தைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும்; வண்டி நிலையத்துக்குத் திரும்பியதும் கண்ணால் பார்த்தே சேதத்தை அறியலாம். உயர் வலிமை அலுமினியம் குறைவாகவே நீண்டு, சிறு முன்னறிவிப்புடன் முறிகிறது. களைப்பு விரிசல் உள்ளே வளர்ந்த கையில் அந்த முன்னறிவிப்பும் இருப்பதில்லை.

கை முறிந்து சக்கரம் கழன்றால் ஓட்டுநருக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் உயிர் ஆபத்து நேரும். 1994 மே 1 அன்று இமோலாவில் அயர்ட்டன் சென்னா இறந்த மோதலில், கழன்ற முன்சக்கரமும் தொங்கல் அமைப்பின் துண்டும் அவரது தலையைத் தாக்கின. அங்கு கை முறிந்தது மோதலின் விளைவே. இருப்பினும் கழன்ற சக்கரத்தின் ஆபத்தை உலகம் உணர அந்நிகழ்வு ஒரு காரணமாயிற்று. 1990களின் இறுதியில் ஃபார்முலா ஒன் வண்டிகளில் சக்கரங்களை உடலுடன் பிணைக்கும் கயிறுகள் கட்டாயமாக்கப்பட்டன.

எஃகிலும் ஓர் ஆபத்து உண்டு. அழகுக்காகக் கைகளுக்குக் குரோமிய முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மை உடையதாக்கக்கூடும். இதனால் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் விதிகள் ஃபார்முலா வண்டிகளின் எஃகுத் தொங்கல் உறுப்புகளுக்குக் குரோமிய முலாம் பூசுவதைத் தடை செய்கின்றன. வண்ணப்பூச்சே போதுமானது. வெளிர் நிற வண்ணத்தில் விரிசல் எளிதில் தெரியும் என்பதும் ஒரு நன்மை.

வெப்பமும் அரிமானமும்

பின்கைகள் புகைபோக்கிக்கும் நிறுத்துத் தட்டுகளுக்கும் அருகில் உள்ளன. வெப்பப் பதப்படுத்திய அலுமினியக் கலப்புலோகங்கள் 150 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் இருந்தால் வலிமையை விரைவாக இழக்கின்றன. அவ்விழப்பு ஆறிய பின்னும் முழுமையாகத் திரும்புவதில்லை. எஃகு இவ்வெப்பநிலையில் பாதிக்கப்படுவதில்லை. புகைபோக்கியை ஒட்டிச் செல்லும் அலுமினியக் கைக்கு வெப்பத் தடுப்புத் தகடு தேவை.

எஃகு துருப்பிடிக்கும், குறிப்பாகக் குழாயின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாமல் துருவேறும். முனைகளை முற்றிலும் மூடிப் பற்றவைப்பது இதனைத் தடுக்கும். அலுமினியம் தனித்திருக்கையில் தன் மேற்பரப்பு ஆக்சைடால் காக்கப்படுகிறது. ஆனால் எஃகு மரையாணியுடன் சேர்ந்து ஈரத்தில் இருந்தால் மின்வேதி அரிமானம் உண்டாகிறது. கடற்காற்று வீசும் சென்னைப் பகுதியில் வண்டியை வைத்திருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் பின்வரும் முடிவுகள் கிடைக்கின்றன.

- பற்றவைத்துச் செய்யும் கவட்டைக் கைகளுக்கு எஃகு ஏற்றது. எடை வேறுபாடு சிறிது. பாதுகாப்பு வேறுபாடு பெரிது.
- நேராக இழுபடும் தனித் தண்டுகளுக்கு, குறிப்பாக டோ இணைப்புத் தண்டுக்கு, மரையிட்ட அலுமினியக் குழாய் பொருந்தும்.
- வளைவு விசையை ஏற்கும் இழுகைக்குக் கடைந்தெடுத்த அல்லது அடித்து உருவாக்கிய அலுமினியம் எடையில் உண்மையான நன்மை தரும்.
- பல ஆண்டுகள் ஓட வேண்டிய, அடிக்கடி மோதல்களுக்கு உள்ளாகும், தடத்தின் ஓரத்திலேயே பழுதுபார்க்க வேண்டிய வண்டிக்கு எஃகு ஏற்றது.
- ஓடிய தொலைவைப் பதிவு செய்து, குறித்த காலத்தில் கைகளைக் கழித்துவிடும் ஒழுங்குள்ள அணிக்கு அலுமினியம் தீங்கில்லை. அவ்வொழுங்கு இல்லாத அணி அதனைத் தவிர்த்தல் நன்று.

பராமரிப்பும் சோதனையும்

எந்த உலோகமாயினும் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் கைகளைத் துடைத்துப் பார்வையிட வேண்டும். பற்றவைப்பின் விளிம்பும், மரையின் முதல் சுற்றும், துளைகளின் ஓரமும் விரிசல் தொடங்கும் இடங்கள். எஃகுக் கைகளைக் காந்தத் துகள் முறையாலும், இரு உலோகங்களையும் சாய ஊடுருவல் முறையாலும் சோதிக்கலாம். சாய ஊடுருவல் முறைக்கு மூன்று தெளிப்புக் குப்பிகளே போதும். மாணவர் அணிகளும் இதனை எளிதில் மேற்கொள்ள இயலும்.

வளைந்த எஃகுக் கையை நிமிர்த்தி மீண்டும் பொருத்துதல் கூடாது. நிமிர்த்தும்போது அதே இடத்தில் உலோகம் மறுபடியும் இளகுகிறது. அலுமினியக் கை மோதலுக்கு உள்ளானால், வெளியே சேதம் தெரியாவிடினும் அதனை மாற்றிவிடுவதே முறை. ஒவ்வொரு கைக்கும் எண்ணிட்டு, அது பொருத்தப்பட்ட நாளையும், ஓடிய தொலைவையும், சந்தித்த மோதல்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- உலோகக் களைப்பு
- யங் குணகம்
- குழாய்ச் சட்டகம்
- கரி மோட்டார் ஸ்பீட்வே
- ஆரணிப் பட்டு